மறுமொழி: டபீட்டம் லூசிடம் – தமிழில் என்ன வைக்கலாம்?

> 'ஒளிர் படலம்' என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும் அம்மா, ஆனால் தப்பாகப் புரியும். டபீட்டம் லூசிடம் என்பது சில விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் இருந்து, பட்ட ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம். ஒளிர்வது என்றால் தானாக ஒளி விடுவது. மின்மினி ஒளிரும், பூனைக்கண்ணுக்குச் சொந்த ஒளி கிடையாது. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக ராத்திரியில் கீழே இறங்குகிறவர்களைக் கேளுங்கள். ஹெட்லைட் பட்டால்தான் புதருக்குள் இரண்டு பொட்டு தெரியும், கடமான் தலையைத் திருப்பினால் இரண்டும் அணைந்துபோகும். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் மங்கலாகத்தான் தெரியும். அதையே நெற்றியோடு ஒட்டிப் பிடித்தால் பளிச்சென்று அடிக்கும். ஒளி வந்த வழியே திரும்புவதால்தான் இப்படி. சொல்லில் இந்தத் 'திரும்புதல்' இருந்தே ஆகவேண்டும்.

விழித்திரை வழியே போகும் ஒளியை, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முழுக்கப் பிடிப்பதில்லை. நமக்கு அந்த மிச்சத்தைப் பின்னாலிருக்கும் கரும்படலம் விழுங்கிவிடும். பூனை, மாடு, மான், சிறுத்தைக்கு இந்தப் படலம் அதைத் திருப்பி அனுப்பும். செல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு. பதிலுக்குக் காட்சியின் கூர்மை கொஞ்சம் குறையும்.

> 'எதிரொளிப் படலம்'. பாடநூலில் எதிரொளிப்பு ஏற்கெனவே இருக்கிறது.

பொருளில் குறையே இல்லை. காதில்தான் சிக்கல். நாம் சொல் தேடும் இந்தக் கையேடு வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டப்போவது. அடுத்த பக்கத்திலேயே வௌவாலும் எதிரொலியும் வருகிறது. வகுப்பில் இருக்கும் மலையாளம் பேசுகிறவர்கள் ள-வைச் சுத்தமாகச் சொல்லிவிடுவார்கள், விழுங்குவது நாம்தான்!

> குழியாடி, குவியாடி போல 'விழியாடி'?

அழகான சொல், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடி என்று ஒன்று ஏற்கெனவே மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறதே ஐயா. அதோடு இது வழவழப்பான ஆடியும் இல்லை. பூனைக்கு அடுக்கடுக்கான செல்கள், அவற்றுக்குள் ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) நிறைந்த நுண்குச்சிகள். மாடு, ஆடு, குதிரைக்கு நெருக்கி அடுக்கிய கொலாஜன் என்ற புரத நார்கள். மின்னும் நிறம் நார்களின் இடைவெளியைப் பொறுத்தது. துருவப் பகுதி ரெயின்டீருக்குக் கோடையில் பொன்னிறமாக இருப்பது குளிர்கால இருட்டில் நீலமாக மாறுகிறது, அந்த இடைவெளி சுருங்குவதால்.

என் பரிந்துரை: மீளொளிப் படலம். செல்வகை மீளொளிப் படலம், நார்வகை மீளொளிப் படலம் என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. கையேட்டின் வரைவில் 'இரவு விலங்குகள் அனைத்துக்கும்' என்று இருக்கிறது, அதை வெட்ட வேண்டும். ஆந்தைக்கு இந்தப் படலம் இல்லை. அது பிழைப்பது குழாய் போன்ற பெரிய கண்ணாலும் குச்சி செல்களின் நெரிசலாலும். அந்தக் கண்ணை உருட்ட முடியாததால்தான் கழுத்தை 270 பாகை வரை திருப்புகிறது. தார்ச்சாலையில் உட்கார்ந்திருக்கும் பக்கி என்ற இரவுப் பறவைக்கு உண்டு. தேவாங்குக்கு உண்டு. காட்டுப்பன்றிக்கு இல்லை, அதன் கண் மான் கண்போல மின்னாது. தோட்டக் காவலுக்குப் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

கண் மின்னுவதற்குக் 'கண்மினுக்கம்' போடலாமா?

— கூடலூரிலிருந்து

> கண்மினுக்கம்

மீளொளிப் படலத்துக்கு என் ஓட்டு. மினுக்கம் மட்டும் வேண்டாம் ஐயா. 'மினுக்கிக்கொண்டு திரிகிறான்' என்கிற ஊரில் சிறுத்தைக்கு இது ஆகாது. இங்கே பந்தலூர் பக்கம் பாதிப் பேர் 'கண்ணு திளங்ஙுன்னு' என்பார்கள், மீதிப் பேர் 'கண்ணு மின்னுது' என்பார்கள். தனிச் சொல் எதற்கு? படலம் மீளொளிப் படலம் என்றால் அதிலிருந்து வருவது கண்மீளொளி. ஒரே வேர், மனப்பாடம் செய்ய வேண்டியதும் ஒன்றுதான். கையேடு புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், இல்லாவிட்டால் இப்படியே ஏற்றிவிடுகிறேன். ஆந்தை வரியை இப்போதே திருத்திவிட்டேன்.