கையில் லேசு, தோளில் பாரம்: மான் துப்பாக்கி தேர்ந்தெடுத்த கதை

தோள்பட்டைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்த எட்டாவது மாதம் மருத்துவரிடம் கேட்டேன், மான் சீசனுக்குப் போகலாமா என்று. அவருக்கும் வேட்டைப் பழக்கம் உண்டு. "தாராளமா போங்க. அந்த 12 கேஜை மட்டும் வீட்லயே வச்சிடுங்க" என்றார். 12 கேஜ் என்பது என் பழைய ஷாட்கன். சுட்டதும் பின்னால் வந்து தோளைப் பலமாக இடிக்கும், அந்த இடிதான் உதை.

நான் போவது மிச்சிகன் மாநிலத்தின் தெற்குப் பக்கம். வீடும் பண்ணையும் நெருங்கிக் கிடக்கும் தட்டை நிலம், ரைபிள் குண்டோ வெகுதூரம் போகும். அதனால் வெகுகாலம் அங்கே பெரும்பாலும் ஷாட்கன், இல்லாவிட்டால் குழல் வாய் வழியே வெடிமருந்து இடிக்கிற பழைய வகைதான். 2014-இல்தான் ரைபிளுக்குக் கதவு திறந்தது, அதுவும் அரைக்கதவு. அப்போது போட்ட விதி இது: குண்டின் விட்டம் 0.35 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தோட்டாக்கூடு கழுத்துப் பக்கம் ஒடுங்காமல் நேராக இருக்க வேண்டும். கூட்டின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள். உதை குறைவு என்று ஆளாளுக்குச் சொல்லும் .243 வின்செஸ்டர் தோட்டா இதில் தேறாது. குண்டும் மெலிசு, கழுத்தும் ஒடுங்கியது. ஆகவே யாராவது "இதை வாங்கு" என்று சொன்னால், முதலில் அவர் எந்த ஊர் விதிப்படி சொல்கிறார் என்று பாருங்கள்.

எனக்கு முன்னால் நின்ற தோட்டா வகைகள் இரண்டு: .450 புஷ்மாஸ்டர், 2019-இல் வந்த .350 லெஜண்ட். லேசாக வேண்டும் என்றதும் கடைக்காரர் 2.7 கிலோ எடையுள்ள .450 துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கையில் குடை மாதிரி இருந்தது. கிட்டத்தட்ட பணமே கட்டியிருப்பேன். நல்லவேளை, நண்பரிடம் அதே துப்பாக்கி இருந்தது. சுட்டுப் பார்த்துவிடலாம் என்று போனோம்.

முதல் குண்டு மையத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி. அடுத்தது நாலு அங்குலம் கீழே. மூன்றாவது தாளிலேயே இல்லை. நண்பர் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை வாங்கினார். எனக்குத் தெரியாமல் எதையோ போட்டுத் திருப்பிக் கொடுத்தார். குறி பார்த்தேன், விசையை இழுத்தேன். 'டிக்'. டம்மி தோட்டா. வெடியே இல்லை, ஆனால் குழல் முனை நாலு விரற்கடை கீழே போய் வந்தது! உதை வரும் முன்பே உடம்பு அதோடு மல்லுக்கட்டத் தொடங்கியிருக்கிறது. அந்த மூன்றாவது குண்டு மான் மேல் போயிருந்தால் காலொடிந்து புதருக்குள் ஓடியிருக்கும்.

கணக்கு எளிது. அதே தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கியில் சுடாமல் 2.7 கிலோவில் சுட்டால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால் எடையிலிருந்து தொடங்கக் கூடாது. விதிக்குள் வருகிற தோட்டாக்களில் எது மென்மை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோள் தாங்குகிற எடையைத் தேட வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

கடைசியில் .350 லெஜண்ட், குறிபார்க்கும் ஸ்கோப்போடு 3.4 கிலோ. 150 கிரெய்ன் (ஏறக்குறைய 9.7 கிராம்) குண்டு நொடிக்கு 2,325 அடி வேகம், சுமார் 1,800 அடி-பவுண்ட் ஆற்றல் என்கிறது தோட்டாப் பெட்டி. 150 கஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை. முதல் மான் 80 கஜத்தில் கிடைத்தது. உதை சின்னது என்பதால் ஸ்கோப்பிலிருந்து மான் மறையவே இல்லை. குண்டு பட்டதும் முன்னங்கால் மடங்கியது வரைக்கும் பார்த்தேன். 12 கேஜ் காலத்தில் வெடித்த பிறகு மானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

* * *

அண்ணா, உங்க கதையைப் படிச்சேன். எல்லாம் சரி, ஆனா துப்பாக்கியைத் தோள்ல ஊன்றுற கட்டையோட நீளத்தைப் பத்தி நீங்க பேசவே இல்லையே? நான் அஞ்சடி. வீட்டுக்காரரோட .308 ரைபிளைத்தான் முதல்ல தூக்கினேன். விசையிலேர்ந்து கட்டையோட பின்முனை வரைக்கும் பதின்மூன்றரை அங்குலம். கை எட்டணும்னு உடம்பைப் பின்னால சாய்ச்சு, கழுத்தை முன்னால நீட்டிச் சுட்டா என்ன ஆகும்? ஸ்கோப் விளிம்பு புருவத்துல பிறை மாதிரி கிழிச்சிடுச்சு. மூணு தையல். தழும்பு இன்னும் இருக்கு. வேட்டைக்குப் போற பாதிப் பேருக்கு இந்தத் தழும்பு இருக்கும், கேட்டா கதவுல இடிச்சேன்னு சொல்லுவாங்க.

அப்புறம் பன்னிரண்டரை அங்குலக் கட்டை போட்ட 7எம்எம்-08 ரைபிள். அதே .308 கூட்டோட கழுத்தைச் சுருக்கினதுதான், லேசான 120 கிரெய்ன் குண்டு. உதை குறைஞ்சது பாதி தோட்டாவால, மீதி கட்டை தோள்ல ஒழுங்கா உட்கார்ந்ததால. இன்னொண்ணு: காதுக்குள்ள ஒரு அடைப்பான், அதுக்கு மேல காதை மூடுற மஃப். நாம உதைக்குப் பயப்படுறோம்னு நினைக்கிறோம், பல நேரம் பயம் சத்தத்துக்குத்தான்.

* * *

நீங்கள் ரெண்டு பேரும் எழுதினதை வாசிச்சனான். நான் இங்கிலாந்தில இருக்கிறன், இஞ்ச கதை வேற. 1991 மான் சட்டப்படி துவக்கின்ர குழல் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குழல் வாயில சன்னத்தின்ர (குண்டின்ர) சக்தி 1,700 அடி-இறாத்தலுக்கு (அடி-பவுண்ட்) குறையக் கூடாது. கேளையாட்டுக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும் .220, 1,000, சன்னம் 50 கிரெய்ன் எண்டு விட்டுக்குடுத்திருக்கினம். மற்ற மானுக்கு .243 தான் மெல்லிய துவக்கு, மயிரிழையில தப்புது.

நான் செய்த பிழை என்னெண்டால், பாரம் குறைய வேணும் எண்டு குட்டைக் குழல் வாங்கினனான். 100 கிரெய்ன் சன்னம் 1,700-ஐத் தொட நொடிக்கு 2,770 அடி அளவில போக வேணும். பெட்டியில 2,960 எண்டு போட்டிருக்கும், அது நீளக் குழலில எடுத்த கணக்கு. வேகம் அளக்கிற கருவியை வைச்சுப் பாத்தால் என்ர துவக்கில 2,740! பெயர் .243, சட்டத்துக்கு அது போதாது. வேற தோட்டா மாத்தி, திரும்ப அளந்து, பிறகுதான் காட்டுக்குள்ள கால் வைச்சனான்.

குழல் முனையில மாடரேட்டர் எண்ட சத்தம் அடக்கிற குழாயைப் பூட்டினால் உதையும் சத்தமும் நல்லாக் குறையும். ஆனா முன்பாரம் கூடும், நான் வாங்கேக்க அனுமதிப் பத்திரத்திலயும் அதைக் காட்ட வேண்டியிருந்தது.

* * *

கதையை எழுதிய நான் மறுபடி. மசில் பிரேக் (குழல் முனையில் பூட்டும் துளையிட்ட துண்டு) உதையைக் குறைக்குமா என்று தனியாகக் கேட்டவருக்கு: உதையை நிஜமாகவே வெட்டும். பதிலுக்கு வெடிச் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், கூட வந்தவர் உங்களோடு ரெண்டு நாள் பேச மாட்டார். ஒரு சீசனில் கழற்றிவிட்டேன்.

கட்டை நீளம் பற்றித் தங்கை சொன்ன பிறகு என் கட்டையை அளந்தேன். அரை அங்குலம் அதிகம். இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. பின்முனையில் ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தகடு இருந்தது, அதை எடுத்துவிட்டுத் திருகியாயிற்று. ஸ்கோப்பையும் ஒரு விரல் நகர்த்தியிருப்பதால் சனிக்கிழமை மறுபடி குறி சரிபார்க்கப் போகிறோம். தோட்டா போடுவது நண்பர்தான். எத்தனை நிஜம், எத்தனை டம்மி என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.