தம்பியின் மனசைத் தெரிந்துகொள்ள வழி கேட்டு

தம்பிக்கு 31 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. சென்னை தண்டையார்பேட்டையில் எங்களோடு இருக்கிறான். பேச்சு ஓரிரு சொற்கள்தான். பொங்கலுக்குப் பிறகு தூக்கம் கெட்டுவிட்டது, காதில் அடித்துக்கொள்கிறான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகலாம் என்றாலே துள்ளுகிறவன், இப்போது செருப்பே போட மாட்டேன் என்கிறான்.

காது, பல், மலச்சிக்கல் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. மனநல மருத்துவர் அவன் மனநிலை பற்றிய கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி எங்களிடம்தான் கொடுத்தார். அங்கேதான் சிக்கல். அம்மா, "புள்ள சந்தோஷமாத்தான் இருக்கான்" என்கிறார் (யார் கேட்டாலும் அம்மா அப்படித்தான் சொல்வார்). பகல்நேர மையத்து டீச்சர், ஓரமாக உட்கார்ந்து அழுகிறான் என்கிறார். தூக்கம், சாப்பாடு மாதிரி கண்ணால் பார்ப்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். உள்ளே என்ன உணர்கிறான் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில்.

அவனையே கேட்டால் எதற்கும் "ஆமா". சந்தோஷமா? ஆமா. சோகமா? அதற்கும் ஆமா. முகப்படங்கள் காட்டினால், எப்படி மாற்றி அடுக்கினாலும் கடைசிப் படத்தைத்தான் தொடுகிறான். மையத்தில் அவனுக்குப் பிடித்த ஆயா தை மாதம் வேலையை விட்டுப் போனார், அதுவும் காரணமாக இருக்கலாம்.

முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் இந்த நிலையில் வரமாட்டான். ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம், நாங்கள் சொல்வதோடு நிறுத்தாமல் அவனோடு உட்கார்ந்து மனநிலையை மதிப்பிடுகிறவர் யாரையாவது தெரியுமா?