பார்க்க ஒன்றுமில்லாத கோதுமை ஊரில் நான்கு நாள் தங்கலாமா?

வெயிலோன்:
ஸ்பெயின் போகிற நம் ஆட்கள் மத்ரித், பார்சலோனா, கிரனாதா என்று ஒரே தடத்தில்தான் போய் வருகிறார்கள். பத்து நாள் பயணம் என்றால் அதில் நான்கு நாளை தியெர்ரா தே காம்போஸுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். பலென்சியா, வய்யாதொலித், சமோரா, லெயோன் ஆகிய நான்கு மாகாணங்களிலும் விரிந்து கிடக்கிற தானியச் சமவெளி அது. கடல்மட்டத்துக்கு மேல் 700 மீட்டருக்கும் உயரம். கோதுமை, பார்லி, நடுநடுவே தரிசு விட்ட மண், அவ்வளவுதான். வானம் தொடுகிற வரைக்கும் அதுதான்.

ஜூலை முதல் வாரம் போனேன். பலென்சியாவுக்கு மேற்கே, நூறு பேர்கூட இல்லாத ஓர் ஊர். ஊருக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தேவாலயம், அதன் மணிக்கோபுரத்தில் செங்கால் நாரைக் கூடு. கல் கிடைக்காத நிலம் என்பதால் வீடெல்லாம் மண். வைக்கோல் கலந்து பிசைந்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லால் எழுப்பியவை. அறுத்த வயலின் நிறமும் சுவரின் நிறமும் ஒன்றாகவே இருக்கும். இரவு பத்து மணிக்குத்தான் இருட்டுகிறது. இருட்டிய பிறகும் அறுவடை இயந்திரங்களின் விளக்கு தூரத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. நான்காம் நாள் கிளம்ப மனமே வரவில்லை.

கல்தேர்:
நண்பரே, நீங்கள் எழுதியது அழகு. ஆனால் இதை நம்பி ஒரு குடும்பம் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பணம் சேர்த்து, விசாவுக்கு அலைந்து, வாழ்க்கையில் ஒருமுறை போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அந்தச் சமவெளி இருக்கிற காஸ்தில் பகுதியிலேயே செகோவியாவில் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம் நிற்கிறது, சலமாங்காவில் 800 ஆண்டு கடந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வைக்கோலைப் பார்ப்பதா?

நானும் அந்தப் பக்கம் ஓர் ஊரில் ஓர் இரவு தங்கியவன்தான். மாலை நாலரைக்கு இறங்கினோம். தெருவில் ஓர் ஆள் இல்லை. கடை கிடையாது. இருந்த ஒரே பாரும் பூட்டிக் கிடந்தது. ஒதுங்க ஒரு மரநிழல் இல்லை. பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தோம், பிள்ளைகள் அழுதார்கள். அங்கே ஒரு பழமொழி உண்டாமே, ‘ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்’ என்று. அனுபவித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வெயிலோன்:
நாலரை மணி என்றால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற நேரம். மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. வெயில் தணிந்ததும் ஆளுக்கொரு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதல் நாள் நான் கடந்து போனபோது ‘ப்வேனஸ்’ என்றார்கள், நானும் சொன்னேன். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து எனக்கும் ஒரு நாற்காலி வந்தது.

பார்க்க ஒன்றுமில்லை என்கிறீர்களே, புறா மாடங்களைப் பார்த்தீர்களா? வயல் நடுவே வட்டமாகவும் சதுரமாகவும் நிற்கிற சன்னல் இல்லாத மண் கட்டடங்கள். உள்ளே தரையிலிருந்து கூரை வரை சுவரெல்லாம் கூட்டுக் குழிகள். குஞ்சுகள் கறிக்கு, எச்சம் வயலுக்கு உரம். ஒரு முதியவர் பூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே நின்றபோது என் தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான இருட்டுக் குழிகள். பெரிய தேவாலயங்களில்கூட எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை.

தனிவழி:
வெயிலோன், உங்கள் நாற்காலி அனுபவத்தை நான் மதிக்கிறேன். என் கேள்வி வேறு. இன்னொரு இழையில் நீங்கள் போட்ட படங்களைப் பார்த்தேன். பன்னிரண்டு படங்களில் ஏழு, கூரை விழுந்த வீடுகள். அது யாரோ பிறந்த வீடு. பில்பாவோவிலோ பார்சலோனாவிலோ இருக்கிற பிள்ளைகள் ஆகஸ்ட் திருவிழாவுக்கு வந்து, அந்தச் சுவரைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டுப் போகிறார்கள். அதை நாம் ‘காலம் உறைந்த அழகு’ என்று தலைப்பிட்டுப் பகிர்வது தவறு. ஓர் ஊர் சாவதைப் போய்ப் பார்ப்பது சுற்றுலா ஆகாது.

சுற்றுலா வந்தால் ஊர் பிழைக்கும் என்று அடுத்து யாராவது சொல்வதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். வய்யாதொலித் மாகாணத்து உருவேஞ்ஞா 2007 முதல் புத்தக ஊர். மதில் சூழ்ந்த சிற்றூரில் வரிசையாகப் புத்தகக் கடைகள், வார இறுதியில் நல்ல கூட்டம். அங்கே நிரந்தரமாக வாழ்கிறவர்கள் இன்றும் சுமார் 200 பேர்தான்.

மீனா_வய்யாதொலித்:
ஆறு வருஷமா இங்கேயே வேலை பார்க்கிறேன். கணவரோட அம்மா ஊர் பலென்சியா பக்கம், அதனால இதை வெளியாளாகவும் சொல்ல முடியலை, ஊர்க்காரியாகவும் சொல்ல முடியலை.

கல்தேர் அண்ணா ‘ஒன்றுமில்லை’ன்னு சொல்றதும் தப்பு, வெயிலோன் ‘அமைதி’ன்னு ரசிக்கிறதும் தப்பு. எங்க மாமியார் சின்னப் பொண்ணா இருந்தப்போ ஜூலை மாசம் காது கிழியுமாம். ஊர் ஓரத்துக் களத்துல, அடியில சிக்கிமுக்கிக் கல் பதிச்ச பலகைமேல பிள்ளைகளை ஏத்தி உட்காரவச்சு, கோவேறு கழுதை பூட்டிச் சுத்திச் சுத்திப் போரடிப்பாங்க. அப்புறம் டிராக்டர் வந்துச்சு. அம்பதுகளுக்கு அப்புறம் துண்டு துண்டா கிடந்த நிலத்தைச் சேர்த்துப் பெரிய வயலாக்கினாங்க. இருபது பேர் வேலையை ஒருத்தர் செஞ்சா மீதி ஆள் எங்கே போவாங்க? பில்பாவோ, மத்ரித், பார்சலோனா. இன்னைக்கும் விளைச்சல் இருக்கு, நிலம் தரிசாகலை. ஆள்தான் இல்லை.

2019 மார்ச் 31ஆம் தேதி மத்ரித்தில பெரிய ஊர்வலம் நடந்துச்சு. சோரியா, தெருவேல் மாகாணத்து இயக்கங்கள் கூட்டினது. அவங்க வச்ச பேரைக் கவனிங்க: ‘காலியான ஸ்பெயின்’ இல்லை, ‘காலி செய்யப்பட்ட ஸ்பெயின்’. தானா நடந்த மாதிரி பேசாதீங்கன்னு அந்த ஒரு சொல்லுலயே சொல்லிட்டாங்க.

அதனால தனிவழி சொல்ற கோபம் எனக்குப் புரியுது. ஆனா ‘போகாதீங்க’ன்னு சொன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன். மாமியார் ஊர்ல பார் இருக்கிறது நகராட்சிக் கட்டடத்துல. எடுத்து நடத்த ஆள் கிடைக்காம எட்டு மாசம் மூடிக் கிடந்துச்சு. அந்த எட்டு மாசமும், ஞாயிறு பூசை முடிஞ்சு வெர்மூத்ங்கிற மூலிகை ஒயின் குடிச்சுப் பேச ஓர் இடம் இல்லாம ஆளுக்கொரு வீட்டுக்குள்ள போய்ட்டாங்க. ஒரு வெளியூர்க்காரர் நாலு நாள் வந்து காலையும் மாலையும் காபி குடிச்சா, பார் நடத்துறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

தனிவழி:
மீனா அக்கா, நீங்கள் சொல்வதால் ஒப்புக்கொள்கிறேன், காபி உதவும். ஆனால் வருகிறவர் கொடுப்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொள்வதையும் சொல்லுங்கள்.

மீனா_வய்யாதொலித்:
சொல்றேன். ரொட்டி வண்டி.

ஊர்ல பேக்கரி கிடையாது. காலையில வேன் வந்து ஹாரன் அடிக்கும், பாட்டிகள் பையோட வருவாங்க. யாருக்கு எத்தனைன்னு ஓட்டுறவருக்கு மனப்பாடம், ஏறக்குறைய அந்தக் கணக்குக்குத்தான் ஏத்திட்டு வருவார். போன வருஷம் ஒரு தம்பதி வாடகை வீட்டுல தங்க வந்தாங்க, நல்லவங்க. ஹாரன் கேட்டு முதல்ல போய் நின்னு மூணு ரொட்டி வாங்கிட்டாங்க. மெதுவா நடந்து கடைசியா வந்த தொண்ணூறு வயசுப் பாட்டிக்கு இல்லை. பாட்டி ஒண்ணும் சொல்லலை. எங்க மாமியார் தன்னோடதைப் பாதி வெட்டிக் கொடுத்தாங்க. அந்தத் தம்பதிக்கு இன்னைக்கு வரை இது தெரியாது.

வெயிலோன்:
படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நானும் வாங்கினேன். எத்தனையாவது ஆளாக நின்றேன் என்று நினைவில்லை.

தனிவழி, அந்த ஏழு படங்களையும் எடுத்துவிட்டேன். புறா மாடத்துப் படத்தை மட்டும் வைத்திருக்கிறேன். அதைத் திறந்து காட்டியவர்தான், எடுத்துக்கொள் என்று சொன்னார்.

பறவைக்கண்:
மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் அங்கே போனது அவுதார்தா என்ற பறவைக்காக. நம் கானமயிலின் நெருங்கிய உறவு. ஆண் பறவை பத்துக் கிலோவைத் தாண்டும். சமோரா மாகாணத்து வியாஃபாஃபிலா ஏரிப்பகுதி, உலகிலேயே இந்தப் பறவை மிக அடர்த்தியாக வாழும் இடங்களில் ஒன்று. ஏப்ரலில் இளம்பச்சைப் பயிர் நடுவே ஆண் பறவை இறகையெல்லாம் புரட்டி விரித்து, வெள்ளை நுரைப் பந்துபோல ஆகிவிடும். ஸ்பெயினில் 1980இல் இதன் வேட்டையைத் தடை செய்தார்கள். கூடு வயலுக்குள், தரையில்தான். அதனால் அறுவடை இயந்திரம் எப்போது இறங்குகிறது என்பதில் குஞ்சுகளின் உயிர் இருக்கிறது. அந்த உழவர்கள் இல்லாவிட்டால் இந்த வயலும் இல்லை, இந்தப் பறவையும் இல்லை. போகிறவர்கள் வண்டிப்பாதையை விட்டுப் பயிருக்குள் கால் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கல்தேர்:
நான்கு நாள் என்பதை இன்னமும் ஏற்க மாட்டேன், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நிச்சயம் வேண்டாம். இந்தச் சமவெளி வழியாக சந்தியாகோ திருத்தலத்துக்கு நடக்கிற யாத்திரிகர்களே கர்ரியோன் என்ற ஊரைத் தாண்டியதும் 17 கிலோமீட்டர் ஊரே இல்லாத பாதை என்று அஞ்சுகிறார்கள்.

ஆனால் ஒரு நாள் கொடுக்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். அதற்கு என் யோசனை ஃப்ரோமிஸ்தா. பலென்சியாவிலிருந்து ரயில் உண்டு. 11ஆம் நூற்றாண்டின் சான் மார்த்தின் தேவாலயம், ஊர் எல்லையில் காஸ்தில் கால்வாயில் படகை ஏற்றி இறக்கக் கட்டிய நான்கு அடுக்கு மதகு, இரண்டையும் நடந்தே பார்க்கலாம். கால்வாயின் கதை பெரிது. இந்தச் சமவெளியின் தானியத்தை சந்தாந்தேர் துறைமுகத்துக்குப் படகில் கொண்டுபோக 1753இல் வெட்டத் தொடங்கி, 207 கிலோமீட்டர் முடித்து நிறுத்தியது 1849இல். துறைமுகத்துக்கு முன்னால் நிற்கிற மலையைத் தாண்டவே இல்லை. கோவேறு கழுதைகள் கரையோரம் நடந்து படகை இழுத்தன. கொஞ்ச காலத்திலேயே ரயில் வந்து சரக்கைப் பறித்துக்கொண்டது. இன்று அந்தத் தண்ணீர் வயலுக்கும் குடிக்கவும் போகிறது. கரையில் மரநிழலும் இருக்கிறது, அதைத்தான் நான் அன்று தேடினேன்.

தனிவழி:
ஆகஸ்டில் போகலாமா, கூடாதா? ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வருகிற மாதம் அது. ஒரு வீடு வாடகைக்கு நமக்குப் போனால் அவர்களில் ஒரு குடும்பத்துக்கு இடம் குறையுமோ என்று படுகிறது.

மீனா_வய்யாதொலித்:
குறையும். ஆகஸ்ட் அவங்களுக்கு, விட்டுடுங்க. மே கடைசி, ஜூன் நல்லா இருக்கும். பயிர் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புற நேரம், சாயங்காலம் ஒரு ஸ்வெட்டர் வேணும். போய் இறங்கின அன்னைக்கே பார்ல சொல்லிடுங்க, நாளைக்கு எத்தனை ரொட்டி வேணும்னு. அவங்க வேன்காரருக்குப் போன் பண்ணிடுவாங்க.