மறு: தெருவை உயர்த்த ஆளுக்கு 5000

அனைவருக்கும் வணக்கம்.

பொருளாளர் மாமாவின் மடல் பார்த்தேன். தங்கை போன மாதம் நம் ஊர் எண்ணூருக்குப் போய் வந்தாள். அவள் எடுத்த வீடியோவைப் பார்த்தால் பணம் கேட்பதில் தப்பே இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே ரோடு போட்டதில் வீட்டு வாசலெல்லாம் பள்ளத்தில் கிடக்கிறது. மழை பெய்தால் டிரெய்லர் ஒழுக்கிய ஆயிலோடு தண்ணீர் கங்கையம்மன் கோயில் படி ஏறுகிறது. சித்திக்கு மூச்சுத் திணறிய அன்று ஆம்புலன்ஸ் கண்டெய்னர் வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாம்.

சரி, தெருவை உயர்த்துகிறோம். தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துக் குப்பத்துக்குத்தானே? வலைத் தகராறே இன்னும் ஆறவில்லை, இது வேறயா? முதலில் வடிகால், அப்புறம் தெரு. அடுத்த முறையும் சுரண்டாமல் ரோடு போட்டால் மறுபடி 5000 கேட்பீர்களா?

துறைமுகத்தால்தான் ஊருக்குப் பெருமை என்று மஸ்கட் அண்ணன் எழுதியிருக்கிறார். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தபோது அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரிதான் வந்தது, இன்று கார் கப்பல் ஏறுகிறது. பெருமைதான், நானும் மறுக்கவில்லை. அதற்கும் முன்னால் சென்னைத் துறைமுகத்துக் கல்சுவர் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துக்கொண்டது. மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து நம் பக்கம் வரை கரை அரித்தது. தாத்தா வலை காயப்போட்ட இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அண்ணனுக்கு ஞாபகம் இருக்கும், அங்கேதான் கபடி ஆடி முழங்கை ஒடிந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் போகும் பறக்கும் சாலை வந்தால் லாரி நெரிசல் குறையும் என்கிறார். 2009-ல் ஒரு அடிக்கல், 2022-ல் இன்னொரு அடிக்கல். இருபது கிலோமீட்டர் பாலத்துக்கு இரண்டு கல் நட்டாச்சு. அதுவரை சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கணுமா?

பணம் நான் தருகிறேன். ஆனால் 2015 வெள்ள நிதியில் மிச்சம் எவ்வளவு? மோட்டார் பம்பு வாங்கியதாகச் சொன்னீர்கள். கோயில் அறையில் அது இல்லை. யார் வீட்டு மாடியில் இருக்கிறது என்று தங்கை சொன்னாள், இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

போன பொதுக்குழுவில் என்னைப் பற்றி 'கணக்குப்பிள்ளை மகன் வேறெப்படிப் பேசுவான்' என்றீர்களாமே, மாமா. அந்தக் கணக்குப்பிள்ளைதான் உங்கள் பெரியவனின் முதல் விமான டிக்கெட்டுக்கு வளையல் அடகு வைத்தார். அதை நாங்கள் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.

பம்பு வாங்கிய ரசீதை ஸ்கேன் செய்து குழுவுக்கு அனுப்புங்கள். அன்றைக்கே 5000 போட்டுவிடுகிறேன்.