பள்ளியில் கெட்ட வார்த்தை: அமெரிக்க அரசுப் பள்ளிக்கு எவ்வளவு அதிகாரம்?

கேள்வி: அமெரிக்க அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், கணக்குத் தேர்வில் பென்சில் முனை ஒடிந்ததும் வாய்தவறிச் சொன்ன ஒரு கெட்ட வார்த்தைக்காக ஒரு நாள் இடைநீக்கம் செய்யப்பட்டான். பேச்சுரிமை பள்ளி வாசலோடு நின்றுவிடுமா?

பதில் 1: நிற்காது. ஆனாலும் 1986இல் ஃப்ரேசர் வழக்கில், மாணவர் கூட்டத்தில் இரட்டை அர்த்தத்தில் பேசியவரை இடைநீக்கம் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், வகுப்பறைக்குள் சொன்ன வார்த்தைக்கு உங்கள் வாதம் எடுபடாது, ஐயா.

பதில் 2: வெளியே சொல்லியிருந்தால் கதை வேறு. வார இறுதியில் கடையொன்றிலிருந்து ஸ்நாப்சாட்டில் பள்ளியைத் திட்டிய மாணவியைச் சியர்லீடிங் (விளையாட்டுப் போட்டிகளில் உற்சாகமூட்டும்) அணியிலிருந்து ஓராண்டு விலக்கியது தவறு என்று, 2021இல் மஹனாய் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 8-1 என முடிவுசெய்தார்கள். (சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டிய விஷயம்!)

பதில் 3: குறுகிய கால இடைநீக்கமானாலும் குற்றச்சாட்டைச் சொல்லி மாணவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது கோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975இல் தந்த தீர்ப்பு. உங்கள் மகனிடம் யாராவது கேட்டார்களா?