எலாஸ்டிக் கை இறுக்குகிறது, திங்கட்கிழமை பள்ளி திறப்பு – அவசர உதவி

பவானிக்கரை | வியாழன் இரவு 10:52
வணக்கம். பாப்பாவுக்கு யூனிஃபார்ம் சட்டை நானே தைத்தேன். எலாஸ்டிக் வைத்த பஃப் கை. போட்டுப் பார்த்தால் கையில் சிவப்பாகத் தடம் விழுகிறது. பிரித்து மறுபடியும் தைத்தேன், அப்படியேதான் இருக்கிறது. இன்னும் மூன்று சட்டை வெட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊசிமுனை | வியாழன் இரவு 11:05
கொஞ்சம் விவரம் வேண்டும் சகோதரி. பாப்பாவுக்கு என்ன வயது? மேல்கைச் சுற்றளவு எத்தனை அங்குலம்? எலாஸ்டிக் கால் அங்குலமா, அரை அங்குலமா? எவ்வளவு நீளம் வெட்டினீர்கள்? பட்டிக்குள் கோத்தீர்களா, இழுத்துப் பிடித்துத் துணிமேலேயே அடித்தீர்களா? இதில் எது மாறினாலும் பதில் மாறும்.

வேப்பமரத்தடி | வியாழன் இரவு 11:20
எலாஸ்டிக் மட்டமானதாக இருக்கும். நானும் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். கடையில் கட்டுக்கட்டாக விற்கும் பின்னல் எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், அகலம் குறுகிக் கயிறு மாதிரி ஆகிவிடும். அந்தக் கயிறுதான் தோலை அறுக்கும். நிட்டட் எலாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள். மெத்தென்று இருக்கும், இழுத்தாலும் அகலம் குறையாது. மற்றது எதையும் மாற்ற வேண்டாம்.

மாஸ்டர்62 | வெள்ளி காலை 6:14
அளவு இல்லாமல் கேட்கும் கேள்விக்கு நான் பதில் எழுதுவதில்லை. பிள்ளை விஷயம் என்பதால் எழுதுகிறேன். 38 வருடம் தைத்தவன் சொல்வதைக் கேளுங்கள். எலாஸ்டிக்கில் தவறு இருக்காது, ஆம்ஹோலில்தான், அதாவது சட்டையில் கை இணைகிற வளைவில்தான் இருக்கும். வீடியோ பார்த்துத் தைக்கிறவர்கள் கையின் மேல் வளைவை அழகுக்காக உயரமாக வெட்டிவிடுகிறார்கள். பிள்ளை கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே இழுபடும். அப்போது எலாஸ்டிக் கையின் பருத்த இடத்தில் ஏறிக் கடிக்கும். முதலில் பேப்பரில் வெட்டிப் பழகுங்கள், பிறகு துணியைத் தொடுங்கள். பள்ளிச் சட்டைக்கு எலாஸ்டிக்கே வேண்டாம், கைக்குப் பட்டி வைத்து முடியுங்கள்.

மல்லிகைப்பந்தல் | வெள்ளி காலை 7:40
எலாஸ்டிக் நூல் போட்டுப் பாருங்கள் அக்கா. அடிநூல் சுற்றும் பாபினில் அந்த நூலைக் கையாலேயே தளர்வாகச் சுற்ற வேண்டும், மெஷினில் சுற்றினால் இழுபட்டுவிடும். மேலே சாதாரண நூல். தையலைப் பெரிதாக வைத்து மூன்று வரிசை ஓட்டினால் கை அழகாகச் சுருங்கும். அழுத்தம் மூன்று வரிசைக்கும் பிரிந்துவிடுவதால் ஒரே இடத்தில் வெட்டாது. கடைசியில் ஆவி அயர்ன் காட்டினால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். என் மகளின் பாவாடைச் சட்டை எல்லாம் இப்படித்தான்.

சாரல்72 | வெள்ளி காலை 8:02
தடம் எவ்வளவு நேரத்தில் மறைகிறது? அரை மணியில் போய்விட்டால் அது அழுத்தம்தான். அரிப்பு, சிறு சிறு பொரி இருந்தால் வேறு கதை. எலாஸ்டிக்கில் உள்ள ரப்பர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படியானால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெயில் இன்னும் குறையவில்லை, இறுக்கத்தில் வியர்வை நின்றால் வேர்க்குருவும் வரும்.

ஊசிமுனை | வெள்ளி காலை 9:30
பவானிக்கரை, விவரம் வந்தால்தான் மேலே பேச முடியும். என்ன மெஷின் என்பதையும் சொல்லுங்கள்.

பவானிக்கரை | வெள்ளி மதியம் 2:18
மன்னிக்கவும், எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன். பாப்பா இரண்டாம் வகுப்பு. வெள்ளை டெரிகாட்டன் சட்டை, மேலே நீல பினஃபோர். காலால் மிதிக்கும் கருப்பு மெஷின்தான், அம்மா கொடுத்தது. நேர்த்தையல் மட்டும்தான், வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் கிடையாது. கை 7 அங்குலம். எலாஸ்டிக் கால் அங்குலம். கையளவில் ஒன்றரை அங்குலம் குறைத்து வெட்டு என்று வீடியோவில் சொன்னார்கள், அதனால் ஐந்தரை வெட்டினேன். இழுத்துப் பிடித்துத் துணிமேலேயே அடித்தேன். அரிப்பு இல்லை, தடம் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. ஆனால் நேற்று ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். இடது கை விரலை எலாஸ்டிக்குக்குள் விட்டுத் தூக்கிப் பிடித்தபடியே எழுதினாள். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். அம்மா தைத்தது என்று சொல்லாமல் இருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊசிமுனை | வெள்ளி மதியம் 2:51
இப்போது புரிகிறது. காரணம் அந்த ஐந்தரைதான்.

வளையமாக இணைக்கும்போது மேலும் கீழும் கால், அரை அங்குலம் போயிருக்கும். அப்படியானால் கையில் நிற்பது 5 அங்குல வளையம். 7 அங்குலக் கையில் 5 அங்குல வளையம் நாள் முழுக்க இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் தடம் விழும். அந்த வீடியோக்காரர் பெரியவர்களின் ரவிக்கைக் கைக்கோ வேறு எதற்கோ சொல்லியிருக்கலாம்.

பஃப் கையின் சுருக்கம் துணியின் அகலத்தில் இருந்து வருகிறது. எலாஸ்டிக் இறுக்கத்தில் இருந்து வருவதில்லை. கையின் அடிப்பகுதி 11 அல்லது 12 அங்குலம் இருந்தால், எலாஸ்டிக் 7¼ இருந்தாலும் நன்றாகவே சுருங்கும். எலாஸ்டிக் பிடித்து நிற்க வேண்டியதில்லை, சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் போதும்.

இன்னொன்று. அளவெடுக்கும்போது கையைத் தொங்கவிட்டிருப்பீர்கள். முழங்கையை மடக்கி, பென்சில் பிடிப்பது மாதிரி வைக்கச் சொல்லி மறுபடி அளந்து பாருங்கள். கால் அங்குலமாவது கூடும். பள்ளியில் பெரும்பாலும் கை அப்படித்தானே இருக்கும்?

வேப்பமரத்தடி | வெள்ளி மதியம் 3:10
அளவு சரி, ஆனால் எலாஸ்டிக்கையும் மாற்றத்தான் வேண்டும். இரண்டு முறை ஊசி குத்திப் பிரித்த பின்னல் எலாஸ்டிக்கில் உள்ளே ரப்பர் இழை அறுந்திருக்கும். மறுபடி அதையே வைத்தால் ஒரு பக்கம் தொளதொளவென்றும் ஒரு பக்கம் இறுக்கமாகவும் நிற்கும்.

மாஸ்டர்62 | வெள்ளி மாலை 4:25
ஆம்ஹோல் அளவை இன்னும் சொல்லவில்லை. கையைத் தூக்கினால் சட்டை இழுபடும் என்றேன், அதற்கும் பதில் இல்லை. எலாஸ்டிக் நூல் யோசனை இந்தக் கருப்பு மெஷினுக்கு ஆகாது. பாபினை வைக்கும் கேஸின் திருகைத் தளர்த்தத் தெரியாமல் ஆரம்பித்தால் அடியில் நூல் கூடுகட்டும். மூன்று நாளில் கற்றுக்கொள்கிற வேலையில்லை அது.

மல்லிகைப்பந்தல் | வெள்ளி மாலை 4:40
என்னுடையதும் கருப்பு மெஷின்தான் சார். அரைத் திருகு தளர்த்தினால் போதும், ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டேன்.

ராசிபுரத்துப் பெண் | வெள்ளி மாலை 5:30
எலாஸ்டிக்கை எட்டேகாலாக விடுங்கள். வளர்கிற பிள்ளை. நான்கு சட்டை தைக்கிறீர்கள், அடுத்த ஜூனுக்கும் ஆக வேண்டாமா? சட்டையையும் ஒரு அளவு பெரிதாக வெட்டுங்கள்.

நூல்கண்டு | வெள்ளி மாலை 6:05
இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எனக்கு எப்போதும் ஒரு அளவு பெரிதாகவே தைத்தார்கள். கை முழங்கைக்குக் கீழே வழியும், தோள்பட்டை சரியும். விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டேன், தூக்கினால் சட்டைக் கைக்குள்ளே பார்ப்பார்கள் என்று. ஐந்தாம் வகுப்பு வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்கு இன்றைய அளவில் தைத்துக் கொடுங்கள்.

ராசிபுரத்துப் பெண் | வெள்ளி இரவு 7:15
நீங்கள் சொல்வது மனதைத் தொடுகிறது. ஆனாலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருடா வருடம் புதுத்துணி எடுக்க எல்லா வீட்டிலும் முடியாது. பெரியவளின் சட்டை சின்னவளுக்கு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் நான் தைக்கிறேன். அதிலும் பாசம்தான் இருக்கிறது. என் அம்மாவும் அப்படித்தான் தைத்தாள், நான் கூச்சப்பட்டதில்லை.

நூல்கண்டு | வெள்ளி இரவு 7:32
பாசம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. பெரிதாகத் தைக்காமலே வளர்த்தி வைக்க வழி இருக்கும் என்றுதான் சொல்ல வந்தேன்.

சங்கத்துத் தையல் | வெள்ளி இரவு 8:48
வழி இருக்கிறது. நான் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் அரசுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடம் 4 செட். கட்டுக்கட்டாகத் தைக்கும்போது யார் போடப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, முகம் பார்த்துத் தைக்க முடியாது. உங்களுக்குப் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள், அதுவே பெரிய வசதி.

இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. உயரம் வளர்கிறார்கள். கையின் சுற்றளவு அவ்வளவு வேகமாகக் கூடாது. அதனால் வளர்த்தியை நீளத்தில் வையுங்கள். பினஃபோரின் அடியில் 3 அங்குலம் உள்மடிப்பு விடுங்கள். சட்டையின் அடியில் இரண்டு அங்குலம் மடித்து அடியுங்கள், அது பினஃபோருக்குள்ளே மறைந்துவிடும். தோளையும் கையையும் இன்றைய அளவில் தையுங்கள். பக்கத் தையலில் உள்ளே முக்கால் அங்குலம் துணி விட்டால் அடுத்த வருடம் பிரித்துக்கொள்ளலாம்.

எலாஸ்டிக்குக்கு இப்படிச் செய்யுங்கள். அதே துணியில் 1 அங்குல அகலத்தில் சாய்வாக ஒரு பட்டை, அதாவது கிராஸ் பீஸ் வெட்டி, இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் மடித்து அயர்ன் பண்ணிக்கொள்ளுங்கள். கையின் உள்பக்கம், விளிம்பில் இருந்து அரை அங்குலம் மேலே வைத்து, இரண்டு ஓரமும் நேர்த்தையல் போடுங்கள். கையின் பக்கத் தையல் வரும் இடத்தில் ஒரு அங்குலம் வாய் விட்டுவிடுங்கள். அது வழியாக ஊக்கில் மாட்டி எலாஸ்டிக்கைக் கோத்துவிடலாம். ஜிக்ஜாக்கே தேவையில்லை, எலாஸ்டிக்கில் ஊசியும் படாது, தோலில் எலாஸ்டிக்கும் படாது. அடுத்த வருடம் எலாஸ்டிக்கை மட்டும் உருவிவிட்டு நீளமாக வேறு கோக்கலாம், பத்து நிமிட வேலை.

இணைப்பதற்கு முன்னால் ஊக்கு குத்தி பாப்பாவிடம் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் அப்படியே எழுதட்டும், விளையாடட்டும். அவளைக் கேட்க வேண்டாம், கழற்றிக் கையைப் பாருங்கள்.

மாஸ்டர்62 | வெள்ளி இரவு 9:20
கிராஸ் பீஸ் முறை சரியானது. எலாஸ்டிக் உள்ளே புரளாமல் இருக்க, கடைசியில் பக்கத் தையல் மேலேயே குறுக்காக ஒரு தையல் போட வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரிந்தால் ஈரத்துணி போட்டு அயர்ன் காட்டுங்கள். டெரிகாட்டனுக்குச் சூடு குறைவாக வைக்க வேண்டும். எலாஸ்டிக் மேல் சூட்டை வைக்கவே வேண்டாம்.

மல்லிகைப்பந்தல் | வெள்ளி இரவு 9:41
குறுக்குத் தையல் போட்டால் அடுத்த வருடம் உருவ முடியாதே சார்?

மாஸ்டர்62 | வெள்ளி இரவு 9:50
நான்கு தையலைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வேப்பமரத்தடி | சனி காலை 7:25
வெள்ளைச் சட்டை என்றால் துவைக்கும்போது பிளீச் ஊற்றாதீர்கள். எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும்.

பாலாற்றங்கரை | சனி காலை 9:10
துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்தீர்களா?

ஊசிமுனை | சனி காலை 9:34
சுத்தக் காட்டன் என்றால் கட்டாயம் நனைக்க வேண்டும். டெரிகாட்டன் அவ்வளவு சுருங்காது. ஏற்கெனவே வெட்டிவிட்டார், அவரை மேலும் பயப்படுத்த வேண்டாம். பவானிக்கரை, புது அளவு என்ன வந்தது?

பவானிக்கரை | ஞாயிறு இரவு 11:37
கையை மடக்கி அளந்தேன், 7¼ வந்தது. நிட்டட் எலாஸ்டிக் வாங்கி 7¾ வெட்டினேன், அரை அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அடித்தேன். கிராஸ் பீஸ் முதல் கையில் கோணலாகப் போனது, பிரித்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடினாள், தடம் இல்லை. இரண்டு சட்டை முடிந்தது. மற்ற இரண்டு அடுத்த வாரம். எல்லாருக்கும் நன்றி, சங்கத்து அக்காவுக்கு ரொம்ப நன்றி. காலையில் டிபன் கட்ட வேண்டும், தூங்கப் போகிறேன்.

மாஸ்டர்62 | திங்கள் காலை 6:05
கையைத் தூக்கும்போது சட்டை மேலே போகிறதா, இல்லையா? மற்ற இரண்டையும் தைக்கும் முன் அதைப் பாருங்கள்.

சங்கத்துத் தையல் | திங்கள் காலை 6:30
நல்லது கண்ணு. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் கையை ஒருமுறை பார்த்துவிடு.

தென்னந்தோப்பு | புதன் மாலை 5:12
எனக்கும் இதே பிரச்சினை. பையனுக்கு டிராயர் இடுப்பில் எலாஸ்டிக் போட்டேன், உள்ளே சுருண்டுகொள்கிறது. என்ன செய்ய?

ஊசிமுனை | புதன் மாலை 5:20
இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? எலாஸ்டிக் என்ன அகலம், பட்டி என்ன அகலம்?