போன்தான் விக்கிரகமா? மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு கேள்வி

செம்பனை_பையன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் செம்பனை (பாமாயில்) ஆலைல ஷிப்ட் வேலை. காலைல வேதம் வாசிக்கலாம்னு போன்ல ஆப்ப தொறக்குறேன், மேல ஏதாச்சும் நோட்டிபிகேஷன் வருது, அத தட்டுனா வீடியோ வீடியோவா ஓடுது, அப்புறம் பாத்தா வேலைக்கு மோட்டார் சைக்கிள எடுக்குற நேரம் ஆயிடுது, சங்கீதம் முதல் வசனத்துலயே நிக்குது. சபைல ஒரு அங்கிள் போன்தான் இந்தக் காலத்து விக்கிரகம், தூக்கிப் போடுங்குறாரு. ஷிப்ட் மாத்துறதுல இருந்து சம்பளம் வரைக்கும் அதுலதானே வருது, எப்படி போடுறது?

லயத்து_அக்கா:
தம்பி, தூக்கிலாம் போட வேணாம். அச்சடிச்ச வேதாகமம் ஒன்னு வாங்கி தலமாட்டுல வை, போன அடுப்படில சார்ஜ் போடு. ரப்பர் தோட்டத்துல இருந்தப்போ எங்கம்மா இருட்டோட எந்திரிச்சி, பிரட்டுக்கு, அதான் காலைல ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, போறதுக்கு முன்னாடி மண்ணெண்ண விளக்குல ஒரு சங்கீதம் படிச்சிட்டுத்தான் பால் வாளிய தூக்கும். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு ஆத்தா வாசப்படில உக்காந்து கேக்கும். தானியேல் ராஜா தடை போட்டப்புறமும் மூணு வேளை முழங்கால் போட்டாரே, அப்படி நேரத்த புடிச்சி வச்சிக்க, மனசு வரட்டும்னு இருந்தா வரவே வராது.

பேரு_வேணாம்:
அந்த அங்கிள் லாட்டரி நம்பர் எடுக்குறாரான்னு கேளு லா. சிரிப்புக்கு சொல்லல. புதன், சனி, ஞாயிறு குலுக்கல், ஆராதனை முடிஞ்ச கையோட கடைக்குப் போற ஆளுங்க எங்க சபைலயே இருக்காங்க, ரோட்டுல கார் மோதிக் கெடந்தா அந்த நம்பர்ல லாட்டரி எடுக்கலாம்னு மொதல்ல பிளேட் நம்பர குறிச்சிக்குவாங்க. ஆனா தைப்பூசத்துக்கு காவடி எடுக்குற சொந்தக்காரங்கள மட்டும் வாய் கூசாம பேசுவாங்க. பொருளாசையே விக்கிரகாராதனைன்னு பவுல் கொலோசெயர் 3:5ல நேராவே எழுதிட்டாரு.

ஓய்வு_வாத்தியார்:
யாத்திராகமம் 32 மறுபடி படிங்க. கன்னுக்குட்டிய செஞ்சிட்டு ஆரோன் என்னா சொன்னாரு? நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகைன்னாரு. கர்த்தர் பேர வச்சிக்கிட்டேதான் ஆடுனாங்க. மோசே மலைல இருந்து எறங்க லேட்டாச்சு, நாப்பது நாள் பொறுக்க முடியல, காதுல கெடந்த தங்கத்த கழட்டிக் குடுத்துட்டாங்க. எனக்கு போன விட அதுதான் பயம். போன வருஷம் ஜெபக்கூட்டத்துலயே ஒருத்தர் தங்க முதலீடு, மாசாமாசம் லாபம், இது ஆசீர்வாதம்னு வசனத்தோட வந்தாரு, ஈபிஎஃப், அதான் ஓய்வுகால சேமிப்பு, அந்தக் காச எடுத்துப் போட்டவங்க இருக்காங்க, இப்ப ஆளயே காணோம். அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன், தோட்டத்து சனமே சேந்து தோட்டத்த வாங்கணும்னு 1960ல கூட்டுறவு ஆரம்பிச்சி தோட்டம் தோட்டமா ஏறி எறங்குனாரு, பத்து பத்து வெள்ளியா கட்டி பங்கு சேத்த சனம் நம்ம சனம். இப்ப சீக்கிரம் வேணும்னு வந்துட்டா கர்த்தர் பேர சொல்லி எவன் எத காட்டுனாலும் காச நீட்டிடுறோம்.

செம்பனை_பையன்:
சார், அந்த மாதிரி ஒரு ஆளு எங்கம்மாகிட்டயும் பேசியிருக்காரு போல, இன்னிக்கே கேக்குறேன். அக்கா, நைட் ஷிப்ட் வாரத்துல எந்த நேரம் வைக்கிறது?

லயத்து_அக்கா:
வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு, படுக்குறதுக்கு முன்னாடி. பசியாறிட்டு படி, வெறும் வயித்துல ஒன்னும் ஏறாது.